சோடா மெஷினில் ஹைட்ரஜன்

மச்சானின் சோடா மெஷின் இடுப்புயர மரப்பெட்டி. அதன் உள்ளே பாட்டில்களைப் படுக்கவைத்துப் பூட்டும் இரும்புச் சட்டம், வெளியே ஒரு பெரிய சக்கரமும் கைப்பிடியும். பெட்டியை மூடி, சிலிண்டரைத் திறந்து, கைப்பிடியைச் சுற்றினால் சட்டம் பாட்டில்களோடு தலைகீழாகப் புரளும். காஸும் தண்ணீரும் உள்ளே மோதிக் கலக்கும். பெட்டியின் மேலே வட்டமாக ஒரு அழுத்தமானி இருந்தது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும் அதன் முள் பொய் சொன்னதில்லை. மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். திண்டுக்கல் பேகம்பூரில், தோல் பதனிடும் ஒரு தோல்ஷாப்புக்குப் பக்கத்துச் சந்தில், வீட்டுக்குப் பின்னாலேயே சோடாக் கம்பெனி வைத்திருந்தார். எங்களைப் பெற்ற அத்தா மவுத்தாகிப் போன பிறகு எம்.எஸ்ஸி. வரைக்கும் என்னைப் படிக்கவைத்தது அந்த மெஷின்தான். அந்த மெஷினை வைத்து என் வாழ்க்கையின் மிகப் பெரிய சந்தோஷத்தை அடைந்தேன். அதே மெஷினை வைத்து மச்சானுக்கு ஒரு துரோகமும் செய்தேன். இரண்டையும் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். அக்கா வீட்டிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் போய்வந்தேன். ஆராய்ச்சிக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பது என் ஆசை. துறைத் தலைவர் நல்லவர், ஆனால் கறார். நான் செய்ய நினைத்த ஆராய்ச்சிக்கெல்லாம் பென்சைலமீன் என்ற திரவம் அடிப்படை. அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க லைசென்ஸ் கிடைப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும். "நீயே தயாரித்துக் கொண்டு வா, இந்த வருஷமே பதிவு செய்துவிடலாம். இல்லையென்றால் அடுத்தவனுக்கு இடம்" என்று சொல்லிவிட்டார்.

தயாரிக்கும் முறை புத்தகத்தில் இருந்தது. படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் பரபரக்கும். பென்சால்டிஹைடு என்ற எண்ணெயையும் அம்மோனியாவையும் சேர்த்தால் இரண்டும் கைகோத்துக்கொண்டு தண்ணீரை வெளியே தள்ளும். அந்தப் பிணைப்பு உறுதியில்லாதது, விட்டால் அவிழ்ந்துவிடும். அவிழ்வதற்குள் ஹைட்ரஜனை ஊட்டிவிட்டால் பென்சைலமீன் என்ற அமீனாக நிலைத்துவிடும். ஆனால் ஹைட்ரஜன் லேசில் இறங்கி வராது. அதைப் பிடித்து, உடைத்து, ஊட்டிவிட ஒரு வினையூக்கி வேண்டும். அது நிக்கல். நிக்கலும் அலுமினியமும் கலந்த உலோகப் பொடியைக் காஸ்டிக் சோடாவில் போட்டால் அலுமினியம் கரைந்து போகும். மிச்சம் நிற்கும் நிக்கல், கடற்பஞ்சு போல உள்ளெல்லாம் துளையாக, கரிய சேறாகக் கிடைக்கும். இத்தனையையும் கெட்டியான பாட்டிலில் அடைத்து, ஹைட்ரஜன் அழுத்தத்தில் விடாமல் குலுக்க வேண்டும். குலுக்கும் கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. அதற்காக வாங்கிய ஹைட்ரஜன் சிலிண்டர் மட்டும் ஒரு மூலையில் தூசி படிந்து நின்றது.

ஒரு நாள் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைகிறேன், மச்சான் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். அப்படியே நின்றுவிட்டேன். கெட்டிப் பாட்டில், காஸ் குழாய், அழுத்தமானி, குலுக்கல். நான் தேடிய கருவி என் அக்கா வீட்டுப் பின்கட்டில் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சான், இதுல சோடாவுக்குப் பதிலா வேற ஒண்ணு போட்டுச் சுத்தலாமா?"

"சாராயம் மட்டும் வேணாம் மாப்ளே. மதுவிலக்குப் போலீஸ் அடுத்த தெருவுலதான் இருக்கான்."

நான் விளக்கியதைக் கேட்டு அவருக்கும் பரபரப்பு தொற்றிக்கொண்டது. கல்லூரியில் யாரும் தேடாத அந்த ஹைட்ரஜன் சிலிண்டர் மதுரையிலிருந்து வெங்காய லாரியில் வந்து இறங்கியது. அம்மோனியா பட்டால் பித்தளை அரித்து நீலமாகிவிடும் என்று நான் சொன்னதும், மெஷினின் பித்தளைக் காஸ் மூக்கைக் கழற்றிவிட்டுப் பட்டறையில் இரும்பில் ஒன்று கடைந்து வந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த பிறகு கம்பெனிக்கு வேலை இல்லை. அந்த மத்தியான நேரத்தை எனக்கு ஒதுக்கித் தந்தார். வெள்ளிக்கிழமைகளில் நானும் கல்லூரிக்கு லீவு போட்டுக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை. தோல்ஷாப்பு முதலாளி அவருடைய சிநேகிதர். அவர் மகள் கல்யாணத்துக்கு முழுச் சோடாவும் மச்சானுடையது. பிரியாணி சஹன் வைத்ததும், ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்த நாலு பேருக்கும் நாலு சோடா உடைத்து வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். "அந்தக் கல்யாணத்துக்கு முந்தி மெஷினைப் பழையபடி கையில குடுத்துரணும். ரப்பர் வளையம், ரப்பர் குழாய் அம்புட்டும் புதுசா மாத்திக் குடுக்கணும். சரியா?" என்றார். சரி என்றேன். அதுவரைக்கும் அன்றாடச் சோடாவை மச்சான் ஒரு பழைய சின்ன மெஷினில் போட்டுக்கொண்டார்.

முதல் வெள்ளிக்கிழமை. நிக்கலைத் தயாரித்து ஸ்பிரிட்டுக்குள் மூழ்கடித்து வைத்திருந்தேன். ஒரு துளியை எடுத்துக் காகிதத்தில் வைத்துக் காட்டினேன். ஸ்பிரிட் காய்ந்ததுதான் தாமதம், தீக்குச்சி இல்லாமலே காகிதம் கனன்று பற்றிக்கொண்டது. மச்சான் வாயிலிருந்த பீடியை எடுத்துத் தெருவிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். பென்சால்டிஹைடு பாட்டிலைத் திறந்தேன். கசப்பு வாதுமை வாசம் வீடெல்லாம் பரவியது. அக்கா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, செருப்புக்குப் பாலீஷ் போடுறீகளா?" என்றாள்.

பாட்டிலுக்குச் சாக்கைச் சுற்றிப் பூட்டி, ஹைட்ரஜனைத் திறந்தோம். முள் ஏறி நின்றது. சிலிண்டரை மூடிவிட்டு மச்சான் சுற்ற ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு முள் அசைந்தது. கண்மயக்கம் என்று நினைத்தேன். இல்லை, இறங்குகிறது! உள்ளே ஹைட்ரஜன் குறைகிறது, நிக்கல் அதைத் தின்று ஊட்டிக்கொண்டிருக்கிறது. "எறங்குது மச்சான், எறங்குது!" என்று கத்தினேன். "எங்கயாச்சும் ஒழுகுதாடா?" என்று அவர் பதற, அக்கா சோப்பு நுரையைக் கொண்டுவந்து மூட்டுக்கு மூட்டு தடவினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. மூவரும் மாறி மாறிச் சுற்றினோம். முள் நின்றால் மறுபடி ஹைட்ரஜன், மறுபடி சுற்று. பாட்டில் தானாகச் சூடேறியதைச் சாக்கின் மேல் கைவைத்துப் பார்த்து மச்சான் சிரித்த சிரிப்பு இப்போதும் கண்ணில் நிற்கிறது. வெறும் சூத்திரமாகக் காகிதத்தில் இருந்தது கைக்குச் சூடாகத் தட்டுப்பட்டது அன்றைக்குத்தான்.

ஆனால் கல்லூரியில் காய்ச்சி வடித்தபோது, வேண்டிய பொருள் கொஞ்சமாகவும் வேண்டாத கெட்டி எண்ணெய் நிறையவும் வந்தது. சோர்ந்துபோய் வந்து விஷயத்தைச் சொன்னேன். உண்டான அமீன் சும்மா இருப்பதில்லை. மிச்சமிருக்கும் பென்சால்டிஹைடை அதுவே போய்ப் பிடித்துக்கொள்கிறது. அம்மோனியாவை விட அதற்கு வேகம் அதிகம்.

"அதாவது கல்யாணம் ஆனவன் ரெண்டாவது பொண்ணையும் கட்டிக்கிறான். கல்யாணத்துக்கு நிக்கிற குமருக நெறைய இருந்தும் கட்டாதவன் கட்டாமலே நிக்கிறான்," என்றார் மச்சான்.

"ஒங்களுக்கு உதாரணம் வேற கெடைக்கலையா?" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

சிரித்தபடியே வழியைக் கண்டுகொண்டேன். பெண்ணுக்கு ஒருவன் என்று எண்ணாமல் ஒவ்வொரு பென்சால்டிஹைடையும் சுற்றி அம்மோனியாக் கூட்டமே நின்றால் அமீனுக்கு இடம் கிடைக்காது. ஐஸ் பேக்டரியில் குளிரூட்ட அம்மோனியாதான் ஓடுகிறது. மச்சான் அங்கே போய்க் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சிலிண்டரையும் ஐஸ் கட்டிகளையும் கைவண்டியில் கொண்டுவந்தார். ஸ்பிரிட்டை ஐஸில் வைத்து, அது கொள்ளும் மட்டும் அம்மோனியாவைச் செலுத்தினோம். கண்ணெல்லாம் நீர். அந்த வெள்ளிக்கிழமை முள் இறங்கிய வேகத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. மறுநாள் கல்லூரியில் வடித்தபோது தெளிந்த நிறமற்ற திரவம் சொட்டு சொட்டாக விழுந்தது. ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் விட்டேன். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெண்ணிறமாக உறைந்தது. பென்சைலமீனேதான். ஆய்வகத்தில் யாரும் இல்லாததால் தனியாகக் கைதட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரமே பதிவு நடந்தது. விண்ணப்பம், நேர்காணல், மெட்ராஸ் பயணம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். புது ரப்பர் வாங்க மறந்தேன் என்று சொன்னால் பொய். ஞாபகம் இருந்தது. மதுரையில் அந்தக் கடையைத் தாண்டித்தான் தினமும் நடந்தேன், நாளைக்கு நாளைக்கு என்று. கல்யாணம் நெருங்கியதும் பழைய வளையங்களையும் குழாயையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்து மாட்டிவிட்டேன். ஒரு வாடையும் இல்லை. மச்சானும் முகர்ந்தார், அக்காவும் முகர்ந்தாள். யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்காது. அத்தனை வாரமாக அந்த வாசத்துக்குள்ளேயே உண்டு உறங்கி எங்கள் மூக்கு மரத்துப்போயிருந்தது. ரப்பர் எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும், மெல்ல மெல்லத்தான் கக்கும் என்பது படித்த எனக்கு மட்டும் தெரியும்.

கல்யாணப் பந்தியில் சோடாவை வாயில் வைத்தவர்கள் முகம் சுளித்தார்கள். "என்ன பாய், பாலீஷைக் கரைச்சு ஊத்திருக்கீக!" என்று ஒருவர் துப்பினார். சஹன் சஹனாகப் பாட்டில்கள் திரும்பி வந்தன. பெண்ணைப் பெற்ற தோல்ஷாப்பு முதலாளி மச்சானைச் சபையில் வைத்து ஏசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் மச்சான் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். "மாப்ளே, ஒன் மருந்து வாடையா அது?"

ஆமாம் என்றால் அந்தப் பேச்சு தெருவைத் தாண்டி மதுரைக்குப் போகும், வீட்டில் வைத்து வேதிப்பொருள் செய்ததற்காகப் பதிவை ரத்து செய்வார்கள் என்று பயந்தேன். வளையத்தை ஏன் மாற்றவில்லை என்று அவர் கேட்டுவிடுவார் என்றும் பயந்தேன். "இல்ல மச்சான். கெணத்தப் பாருங்க. தோல்ஷாப்புத் தண்ணி ஊறியிருக்கும்" என்றேன்.

எம்.எஸ்ஸி. படித்தவன் சொன்னதால் நம்பினார். அந்த வீட்டுக் கிணறு எங்கள் தெருவிலேயே உப்பில்லாத நல்ல தண்ணீர். பிள்ளைகள் குடித்துவிடக் கூடாது என்று கல்லும் மண்ணும் கொட்டி மூடினார். தோல்ஷாப்புக்குப் போய்ச் சிநேகிதரிடம், "என் கெணத்தக் கெடுத்து, என் பேரையும் கெடுத்துட்டியே" என்று சண்டை போட்டார். அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வண்டித் தண்ணீர் வாங்கிச் சோடாப் போட்டார். அதற்குள் ரப்பரிலிருந்த வாடை தானாகவே போய்விட்டிருந்தது. "மாப்ளே சொன்னது சரிதான், தண்ணிய மாத்துனதும் வாடை போச்சு பாருங்க" என்று ஊரெல்லாம் என் படிப்பைப் புகழ்ந்தார். ஒரு பரிசோதனை தப்பான முடிவை எவ்வளவு அழகாக நிரூபிக்கும் என்பதை நான் அங்கே கற்றேன், வாயைத் திறக்காமல்.

டாக்டர் பட்டம் வாங்கினேன். பம்பாயில் மருந்துக் கம்பெனியில் வேலை. பெரிய உருக்குக் கலன்களில் அதே வினையை டன் கணக்கில் செய்தேன். அறுபதுகளின் பிற்பகுதியில், மழை பொய்த்த ஒரு கோடையில், ஊருக்கு வந்தேன். அக்கா தெருக்குழாயில் காத்திருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கியது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஒரு செம்பு குடிச்சுட்டுப் போ தம்பி, நல்ல தண்ணி" என்று நீட்டினாள். செம்பைக் குடிக்காமல் கீழே வைத்தேன். அங்கேயே, மச்சானையும் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்காதான் கேட்டாள். "அப்ப நம்ம கெணத்துல ஒண்ணுமே இல்லையா?"

"இல்லக்கா."

மச்சான் எழுந்து போனார். என்னைக் கைநீட்டி அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடப்பாரையோடு திரும்பி வந்தார். ஆட்களைக் கூப்பிட்டார். அன்றே தோண்டத் தொடங்கினார்கள். நானும் சட்டையைக் கழற்றிவிட்டு மண் சுமந்தேன். அவர் என்னைத் தடுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. செய்தி பரவி, தெருவே குடத்தோடு வந்து நின்றது. சில நாட்களுக்குப் பிறகு, கீழே நின்றவன், "ஊறுது பாய், ஊறுது!" என்று கத்தினான். தெருவில் குலவையும் கூச்சலும். எனக்குள்ளும் வெட்கத்தை மீறி ஏதோ ஒன்று துள்ளியது.

கலங்கல் தெளிந்ததும் முதல் வாளியை மச்சான் இறைத்தார். அக்காவுக்குக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு, வேலையாட்களுக்குக் கொடுத்தார். பிறகு ஒரு ஆளிடம் சொன்னார்: "ஏலே, எம்மாப்ளேகிட்டக் குடு. வாடை அடிக்குதான்னு பாத்துச் சொல்லட்டும். டாக்டருக்குப் படிச்சவரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குடித்தேன்.

"நல்ல தண்ணி மச்சான்" என்றேன்.

"சத்தமாச் சொல்லு. தோல்ஷாப்பு வரைக்கும் கேக்கணும்."

தோல்ஷாப்புச் சுவரின் பக்கம் திரும்பி நின்று, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.