அரண்மனை வைத்தியர் யார் வீட்டுப் பிள்ளை?

விளையாட ஆள் தேடுவதைப் போல அசிங்கமான வேலை உலகத்தில் வேறு கிடையாது. மாப்பிள்ளை தேடும்போதாவது நடுவில் ஒரு தரகர் இருப்பார். வருகிற அசிங்கத்தில் பாதியை அவர் வாங்கிக்கொள்வார். எனக்கு அதுவும் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில், பினாங்குத் தீவின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்த இன்டர்நெட் கடையில் உட்கார்ந்துகொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நானேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதை நடத்துவார். மற்ற நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள்; ஒருவர் திருடன், ஒருவர் படைத்தலைவன், இப்படி. "எதிரே பூட்டிய கதவு. என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துகிறவர் கேட்பார். செய்வதை நாம் சொல்ல வேண்டும், அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். சின்ன வயதில் சொப்பு வைத்து விளையாடியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் நான் வேலை செய்த அலுவலகத்தில் ஒரு சீனத் தோழி பல முகங்கள் கொண்ட பகடைகளைக் கொண்டுவந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்களைப் பழக்கிவிட்டாள். பிறகு அவள் கல்யாணமாகி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். எனக்குத்தான் மறக்கவில்லை.

நாள் முழுக்க மற்றவர்களின் பில்களைத் தட்டச்சு செய்துவிட்டு, ஃபெரியில் நின்றுகொண்டே வீடு திரும்புகிறவளுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று யாரும் கேட்காத ஒரே இடம் அதுதான். அதனால்தான் அந்த மாடிப்படியில் ஏறினேன். மேலே சிகரெட் புகை, கப் நூடல்ஸ் வாடை, எழுத்துப்பலகையில் யாரோ சிந்திவிட்டுப் போன சிராப் சர்பத்தின் பிசுபிசுப்பு. கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் விரலை வைப்பேன். பக்கத்து நாற்காலி ஆண்கள் திரையில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை.

முதலில் கிடைத்தது ஓர் ஆங்கிலக் குழு. நான் ஒரு வில்லாளிப் பெண்ணாகச் சேர்ந்தேன். இரண்டாவது வாரமே ஒருவன் அவள் என்ன உடுத்தியிருக்கிறாள் என்று கேட்டான். கதை நடத்தியவன் அவளைக் கொள்ளைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போவதாகச் சொன்னான். தப்பி வந்தேன். மறுபடியும் தூக்கினார்கள். மூன்றாவது முறை தூக்க வந்தபோது மலையிலிருந்து நானே குதித்தேன். பகடை உருட்டச் சொன்னார்கள், விழுந்தாலும் பிழைக்க வாய்ப்பு இருக்கிறதாம். எனக்கு அந்தப் பிழைப்பே வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்து கோலாலம்பூர் மாணவர்கள் சிலர். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குதிரை மாடிப்படி ஏறுமா என்று சண்டை போட்டார்கள். கடைசிவரை குதிரை ஏறவும் இல்லை, கதை நகரவும் இல்லை.

இப்படிச் சலித்துப்போயிருந்த நேரத்தில்தான் தமிழ்க் குழு ஒன்று கிடைத்தது. தமிழ் எழுத்து கணினியில் ஒழுங்காக வராத காலம். ஞாயிறுதோறும் ஓர் அரட்டை அறையில் கூடி, ஆங்கில எழுத்துகளை வைத்தே தமிழைத் தட்டினோம். இங்கே அதைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கதை நடத்தியவர் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குப் போனவர். எல்லோரும் அவரை அண்ணை என்போம். கடலோரத்தில் ஒரு பழைய ராஜ்ஜியம், அதில் ஒரு நோஞ்சான் ராஜா, அவரைச் சுற்றிச் சதி. லண்டனில் தாதியாக இருந்த ஓர் அக்கா ராணியின் ஒற்றர். சிங்கப்பூர் ஆசிரியர் ஒருவர் படைத்தலைவர். நான் கப்பல் வைத்திருக்கும் வியாபாரி. அரண்மனை வைத்தியராக விளையாடியவர், கடல் தாண்டி சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தவர். வயதில் எனக்கு மூத்தவர் என்பதால் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன்.

குழுவின் உயிரே அந்த வைத்தியர்தான். யாருக்கு என்ன வந்தாலும், மார்பில் அம்பு தைத்திருந்தாலும், "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் முதலில் கேட்பார். பிடிபட்ட எதிரி ஒற்றனைச் சித்திரவதை செய்யலாம் என்று படைத்தலைவர் வாளை உருவியபோது, இவர் குறுக்கே வந்து ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய் கொடுத்தார். விடிவதற்குள் ஒற்றன் எல்லா ரகசியத்தையும் கக்கிவிட்டான். நான் வாய்விட்டுச் சிரித்ததில் இன்டர்நெட் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஒருநாள் அவர் மனைவிக்குச் சேலை வாங்கப் பினாங்கு லிட்டில் இந்தியா வந்தபோது நேரில் பார்த்தோம். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார். தே தாரிக் டீயைக் குடித்தபடியே சொன்னார். "வீட்ல வைஃப் கேக்குது, கம்ப்யூட்டரைப் பாத்து தனியா சிரிக்கிறீங்களே என்ன லான்னு. நான் ராஜாவுக்கு நாடி பாக்குறேன்னு சொன்னா நம்ப மாட்டேங்குது." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "பேக்டரியில சூப்பர்வைசர் என்னை விரலைச் சொடுக்கித்தாம்மா கூப்பிடுவாரு. ஞாயித்துக்கெழம நான் உள்ள போனா ராஜாவே எந்திரிச்சு உக்காருறாரு" என்றார். எனக்கு அந்தக் குழு எதற்காகத் தேவைப்பட்டதோ அவருக்கும் அதற்காகவேதான் என்று அப்போது புரிந்தது.

ஒரு ஞாயிறு மாலை லண்டன் அக்கா வரத் தாமதமானது. காத்திருந்த நேரத்தில் அண்ணை எல்லோரிடமும் சொந்த இடம் எது என்று கேட்டார். நான் என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்ததைச் சொன்னேன். "அப்ப எங்கட ஆள்" என்று உடனே பதில் வந்தது. வைத்தியரின் முறை வந்தபோது அவர், "நம்ம பொறந்தது எஸ்டேட்லண்ணே. தாத்தா ரப்பர் பால்மரம் வெட்ட வந்தவரு. இப்ப அங்க எஸ்டேட் இல்ல, வரிசையா வீடு கட்டி தாமான் ஆக்கிட்டாங்க" என்று தட்டினார்.

"ஓ" என்றார் அண்ணை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அக்கா வந்ததும் விளையாட்டு தொடங்கிவிட்டது.

விளையாட்டு முடிந்த பிறகு எனக்கு மட்டும் அண்ணையிடமிருந்து தனிச் செய்தி வந்தது. "தங்கச்சி, அந்த வைத்தியர் உங்கட பக்கத்து ஆள்தானே. ஆர் வீட்டுப் பிள்ளை, என்ன ஆக்கள் எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுறீங்களோ?"

பெண் கொடுக்கும் வீட்டார் கேட்கிற கேள்வி. வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்து, "அவருக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளைங்க இருக்கு அண்ணை" என்றேன்.

"பகிடி இல்லை. அரசரிட்ட நாடி பிடிக்கிற ஆள். ஆர் எவர் எண்டு தெரியாமல் எப்பிடி விடுறது?"

அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த ராஜாவுக்கு நாடியே கிடையாது. கையும் கிடையாது. எங்களுடைய கற்பனையைத் தவிர அவருக்கு இருப்பிடமே கிடையாது. இல்லாத கையை இல்லாத வைத்தியர் தொட்டால் அதிலும் இவருக்குத் தீட்டு. கனடாவின் பனியில் அத்தனை வருஷம் வேலை செய்தும், என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்கிற விளையாட்டில் வந்து உட்கார்ந்தும், மனுஷன் இதை மட்டும் பத்திரமாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். பதில் எழுதாமல் கணினியை அணைத்தேன்.

அடுத்த ஞாயிறு ராஜாவுக்குக் கடும் காய்ச்சல். வைத்தியர் மருந்துப் பெட்டியோடு ஓடினார். "வாசலில காவலர் மறிக்கினம். இனி வைத்தியர் பரம்பரையில வந்த ஆக்கள்தான் உள்ளுக்குப் போகலாம்" என்றார் அண்ணை. வைத்தியர் காவலரிடம் கெஞ்சிப் பார்ப்பதாகச் சொல்லிப் பகடை உருட்டினார். நல்ல பெரிய எண் விழுந்தது, எந்தக் காவலனும் வழிவிட வேண்டிய எண். அண்ணை, "இதுக்குப் பகடை செல்லாது" என்றார். பிறகு, "நீங்கள் வாசல் காவலராய் இருங்கோ. அதுவும் நல்ல பாத்திரம்தான்."

பிறகு வைத்தியரிடமிருந்து, "சரிண்ணே."

அதே நேரம் அண்ணையிடமிருந்து எனக்குத் தனிச் செய்தி: "குறை நினையாதேங்கோ தங்கச்சி. தோட்டத்து ஆக்களை அரசருக்குப் பக்கத்தில இருத்தினால் மற்றவைக்கு ஒரு மாதிரி இருக்கும். நீங்கள் எங்கட ஆள், உங்களுக்கு விளங்கும்."

அந்த 'எங்கட ஆள்' என் மேல் எச்சில் பட்டது போல இருந்தது. யாரைக் கேட்டு என்னைச் சேர்த்துக்கொண்டார்? நான் யோசிக்கவே இல்லை. முன் வாரம் கேட்டது, இப்போது சொன்னது, எல்லாவற்றையும் அப்படியே எடுத்து எல்லோரும் பார்க்கும் பொது அறையில் போட்டேன்.

அண்ணை தலைகுனிவார், மற்ற இருவரும் அவரைக் கேள்வி கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். முதலில் சிங்கப்பூர் ஆசிரியர் வந்தார். "தனியாகச் சொன்னதைப் பொதுவில் போடுவது பண்பா? படித்த பெண் செய்கிற காரியமா இது?" அடுத்து லண்டன் அக்கா. "அண்ணை எங்களுக்காக எவ்வளவு நேரம் ஒதுக்கிறார். அவரை இப்பிடி அவமானப்படுத்தலாமோ?" அண்ணை எழுதியதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. சாக்கடையைத் திறந்து காட்டினால், மூடியை ஏன் எடுத்தாய் என்று கேட்கிற கூட்டம். என்ன பதில் சொல்லலாம் என்று யோசிப்பதற்குள் அண்ணை என்னை அறையிலிருந்து வெளியே தள்ளிவிட்டார். திரும்ப உள்ளே போக முயன்றேன், விடவில்லை.

சற்று நேரத்தில் வைத்தியரிடமிருந்து தனிச் செய்தி வந்தது. "ஏம்மா அதைப் போட்டீங்க?"

"உங்களுக்குத் தெரிய வேணாமா அண்ணே?"

"எனக்குத் தெரியும்மா. 'ஓ'ன்னாரே, அப்பவே தெரியும். கேட்ல நின்னாவது ஆடிக்கிட்டு இருக்கலாம்னு பாத்தேன். தெரியாத மாதிரி இருந்தா இருக்கலாம் லா. இப்ப நீங்க போட்டுட்டீங்க. இனிமே எப்படி தெரியாத மாதிரி இருக்கிறது?"

"வெளிய வந்துருங்க. நான் கதை நடத்துறேன், நீங்க வைத்தியரா வாங்க."

"ரெண்டு பேரு உக்காந்தா அது ஆட்டம் இல்லம்மா, பேச்சு" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்தேன். அம்மா, "என்ன பிள்ளை, இண்டைக்கு நேரத்தோட வந்திட்டாய்?" என்றார். நடந்ததை ஆத்திரத்தோடு முழுக்கச் சொன்னேன். அம்மா கறியைக் கிளறிக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்தக் கனடாக்காரர் சொன்னதிலயும் ஒரு ஞாயம் இருக்குத்தானே" என்றார். அம்மா பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். யாழ்ப்பாணத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு வேறு பெயரில், வேடிக்கை பார்க்கிறவளாக அந்த அறைக்குள் நுழைந்தேன். சிம்பாங் அம்பாட் அண்ணே வந்திருக்க மாட்டார் என்று உறுதியாக நம்பினேன். வந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன் என்பதுதான் சரி. அண்ணை தன் ஊர்ப் பெடியன் ஒருவனைப் புதிய அரண்மனை வைத்தியராகச் சேர்த்திருந்தார். புதிய வைத்தியர் பல்லக்கில் வந்து அரண்மனை வாசலில் இறங்குவதாகக் கதை போயிற்று.

வாசல் காவலரிடமிருந்து ஒரு வரி வந்தது. "வாங்க வைத்தியரே. செருப்பை இங்கேயே விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்குறேன்."

எல்லோரும் சிரிப்புக் குறிகளைப் போட்டார்கள். "இதுதான் நல்ல விளையாட்டு" என்றார் அண்ணை. காவலர் நன்றி சொன்னார், அவரும் ஒரு சிரிப்புக் குறியைப் போட்டார்.

அண்ணை மேல் அருவருப்பு, அந்த ஆசிரியர் மேல், அக்கா மேல், என் அம்மா மேல்கூட. அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது, எங்கேயும் யாரிடமும் சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு வாசலில் நின்ற அவர் மேலும் அருவருப்பு வந்தது. விரல் சொடுக்கினால் ஓட வேண்டிய ஆறு நாளுக்குப் பிறகு அவருக்கு இருந்தது அந்த ஒரு வாசல்தான், அங்கே நின்றுகொள்ள அவர் என்ன விலை கொடுத்தாலும் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நன்றாகவே தெரிந்திருந்தும் வந்தது. மற்றவர்களை மறந்துவிட்டேன். அவரை நினைத்தால் மட்டும் இன்னும் முகத்தைச் சுளிக்கிறேன், என்னை அறியாமல்.