கோழிக்குப் போட்ட அப்பம்

மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அண்ணன் வீட்டு முற்றத்தில் கோழிகள் தாமாகவே வந்து நிற்கும். எங்கள் சபையில் அந்த ஒரு ஞாயிறுதான் கர்த்தருடைய பந்தி. அண்ணன் சபை மூப்பர். பந்திக்கான புளிப்பில்லாத அப்பத்தை அவர் மனைவி, என் மைனி, கோதுமை மாவில் சுடுவார். மிஞ்சியதைப் பிட்டுக் கோழிக்குப் போடுவார். அதை அலட்சியம் என்று சொல்ல முடியாது, உபதேசமே அப்படி. அப்பம் ஒரு அடையாளம், ஆராதனை முடிந்தால் அது மாவுதான். மிச்சத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது விக்கிரக ஆராதனைக்குப் பக்கத்தில் கொண்டு விடும். நானும் அதை நம்பினேன். கோழி கொத்துவதைப் பார்த்து எனக்கு எதுவும் தோன்றியதில்லை.

தோன்றியது என் மனைவிக்கு.

அவள் வெள்ளறடை சாலையில் உள்ள பழைய மிஷன் சபையில் பிறந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோது தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். எங்கள் சபைக்கு அது ஞானஸ்நானமே அல்ல. பிரசங்க மேடைக்கு அடியில், பலகை போட்டு மூடியிருக்கும் தொட்டியில் இறங்கி, வாயால் அறிக்கை செய்து, முழுவதும் மூழ்கி எழ வேண்டும். எழாதவர்களுக்குப் பந்தி கிடையாது. இன்றோ நாளையோ அவள் தொட்டியில் இறங்கிவிடுவாள் என்ற நம்பிக்கையில்தான் அண்ணன் கல்யாணத்துக்கே சம்மதித்தார். அவள் இறங்கவில்லை.

"ஒருக்கா எடுத்தாச்சு. ரெண்டாமதும் எடுத்தா முதல்ல எடுத்தது பொய்யின்னு நானே சாட்சி சொன்னது போல ஆவும்" என்றாள்.

பந்தி ஞாயிறுகளில் வாசலோரக் கடைசிப் பெஞ்சில் உட்காருவாள். அப்பத் தட்டு அதற்கு முந்தின பெஞ்சு வரை வந்து திரும்பிப் போகும். பல வருடம் இப்படியே போயிற்று.

ஒரு பந்தி ஞாயிறு, வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு அண்ணன் வீட்டில் இருந்தோம். அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மைனி முற்றத்தில் அப்பத்தைப் பிட்டுப் போட, என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"மைனி, ஒங்க கோழி எல்லாம் முழுக்கு எடுத்தாச்சா?"

"அந்தச் சேவலு மட்டும் எடுத்தாச்சு. போன மழைக்குக் கெணத்துல விழுந்து, நல்லா முங்கித்தான் வந்தது" என்றார் மைனி.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் உள்ளே போய்விட்டார். சாப்பிட உட்கார்ந்தபோது என் சிரிப்பு நின்றுவிட்டது. அது வெறும் மாவு என்றால், அவளுக்கு ஏன் கொடுக்கக் கூடாது? அவளுக்குக் கொடுக்கக் கூடாத அளவுக்குப் பெரியது என்றால், கோழிக்கு எப்படிப் போடலாம்? எதையும் ஒழுங்காக அடுக்கி வைத்துப் பழகியவன் நான். இந்த இரண்டையும் ஒரே தட்டில் அடுக்க என்னால் முடியவில்லை.

அந்த வாரம், அண்ணன் கொட்டகையில் உருளையைச் சுற்றி ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தபோது இதைக் கேட்டேன்.

"வேலி அப்பத்துக்கு இல்ல, மக்கா. பந்தி மேசைக்காக்கும். கோழி மேசையில இருந்தா திங்குது?"

நல்ல பதில். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். வீடு வரை நடந்து போய், அதே பதிலுக்குள் இருந்த அடுத்த கேள்வியோடு திரும்பி வந்தேன். மேசை கர்த்தருடையது என்றால், அவர் ஏற்றுக்கொண்ட ஆளை அங்கே தடுக்க நாம் யார்?

எங்கள் அப்பா மிஷன் சபைக்காரராகவே இறந்தவர். அதன் பிறகுதான் அம்மா எங்களை இந்தச் சபைக்குக் கூட்டி வந்தார்.

"அண்ணா, அப்பா இப்ப எங்க?"

"கர்த்தருக்கிட்ட. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல."

"அங்க அவருக்குப் பந்தி உண்டா?"

"உண்டு."

"நம்ம சபைக்கு வந்தா?"

அண்ணன் உருளையைச் சுற்றுவதை நிறுத்தினார். ஷீட் பாதியில் தொங்கியது.

"கடைசிப் பெஞ்சு" என்றார். பிறகு, "எலே, அது எனக்குப் பிடிச்சிருக்குன்னு நினைக்காத" என்றார்.

அவரால் பொய் சொல்ல முடியாது. சபை ஒழுங்கை எனக்குக் கற்றுத் தந்தவரே அவர்தான். அந்த ஒழுங்குக்கு எதிராகத்தான் அங்கத்தினர் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். மேசை எங்களுடையது என்று நடந்துகொள்கிறோம், ஆளின் விசுவாசத்தைக் கேட்காமல் தண்ணீரின் ஆழத்தைக் கேட்கிறோம் என்றேன். ஒருவர் வசனம் வாசித்தார். ஒருவர் என் மனைவிதான் காரணம் என்றார். இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வந்த பிறகுதான் பயம் வந்தது. விலக்கப்பட்டவனோடு சாப்பிடவும் கூடாது என்பது எங்கள் சபையின் விதி. அண்ணன் அதை எழுத்துப் பிசகாமல் பார்ப்பவர். ஞாயிறு மதியம் அந்த வீட்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. பந்தியை இழந்தவனுக்கு இன்னொரு சபையில் பந்தி உண்டு. அண்ணனோடு உண்ணும் சோற்றுக்கு நான் எங்கே போவேன்?

மிஷன் சபையில் முதல் தடவை பந்திக்கு முழங்காலிட்டபோது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்கள் சபையில் உட்கார்ந்த இடத்துக்குத் தட்டு வரும். மனைவி முழங்கையால் இடித்து, உள்ளங்கையை விரிக்கச் சொன்னாள். இங்கே மிஞ்சியதைப் போதகரே பயபக்தியோடு உண்டு முடிக்கிறார். அதையும் கவனித்துப் பார்க்கிறேன். கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. கேட்டால் மனைவி, "இனி இங்கயும் எழும்பி நிக்கப் போறீளா?" என்கிறாள்.

போன ஞாயிறு மதியம் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார், கையில் கறிவேப்பிலைக் கொத்தோடு. மைனி கொடுத்தனுப்பியதாம். மனைவி மரச்சீனியும் மீன் கறியும் எடுத்து வைத்தாள். ஒன்றும் கேட்காமல் மூன்று தட்டு வைத்தாள். அண்ணன் மூன்றாவது தட்டைப் பார்த்தார்.

"விலக்கப்பட்டவனோட திங்கப்பிடாதுன்னாக்கும் விதி" என்றார். "நான் திரும்பவும் வாசிச்சுப் பாத்தேன். ஒன்ன நாங்க விலக்கல்ல. நீயாட்டு எழும்பிப் போனது. ரெண்டும் வேற."

உட்கார்ந்தார். ஜெபித்துவிட்டு மரச்சீனியை எடுத்தார். பாதி சாப்பிட்டபோது, யாரும் கேட்காமலே சொன்னார்.

"இப்ப மிச்ச அப்பத்தைக் கோழிக்குப் போடுகதில்ல. நாங்க ரெண்டு பேரும் தின்னுதோம்."

"ஏன் அண்ணா? வெறும் மாவுதானே?"

"மாவுதான்." மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "போட மனசு வரல்ல, மக்கா. ஏன்னு தெரியல்ல."

எனக்கு அடுத்த கேள்வி நாக்கில் தயாராக இருந்தது. மனைவி மீன் துண்டு ஒன்றை என் தட்டில் வைத்து, "முதல்ல தின்னுங்க" என்றாள். தின்றேன். கேள்வி அடுத்த ஞாயிறுக்கு இருக்கட்டும். அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.