பளபளா அக்காவின் அழுக்குத் தட்டு

தெருமுனைத் தையல்கார அக்காவை எல்லோரும் பளபளா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்கள் பிரேக் அடித்துத் திரும்பும் இடத்தில் கடை. தைப்பதோ வெள்ளை நர்ஸ் உடைகள். ஒன்றில் கறுப்பு ஒட்டினாலும் ஆஸ்பத்திரி ஆர்டர் போய்விடும். அதனால் கால் மிஷினை மிதிக்கும்போதே கை எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும்.

எனக்கு வேண்டியது அந்தத் தூசிதான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். மேல்படிப்புக்கு எடுத்துக்கொண்ட ஆய்வு தெருப்புழுதி. "மண்ணை விட்டு ஓடிப் படிச்சு, திரும்ப மண்ணுக்கே வந்துட்டியாடா?" என்று அப்பா சிரித்தார்.

அக்காவின் ஜன்னலில் ஓர் எவர்சில்வர் தட்டை வைத்தேன். "ஒரு மாசம் தொடாதீங்கக்கா. இது போச்சுன்னா என் ஆய்வு அம்போ."

"உன் படிப்பு விஷயம். தொடுவேனா தம்பி?"

மாதம் முடிந்து போய்ப் பார்த்தால், தட்டில் என் முகம் தெரிந்தது.

"தூசி எங்கக்கா?"

"நல்லாக் கேட்டே போ! காலேஜுக்குப் போற தட்டு. அழுக்கோட குடுத்தா, எந்தக் கடைத் தட்டுன்னு நாலு பேர் கேக்க மாட்டாங்களா? சோப்புப் போட்டுக் கழுவி வெச்சேன்."

தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அக்காவின் முகம் சுருங்கியது. "ஐயோ, உன் படிப்பில மண்ணள்ளிப் போட்டுட்டேனா?"

"போட்டிருந்தாத்தான் நல்லா இருந்திருக்குமேக்கா!"

நல்லவேளை, இன்னொரு மாதம் அவகாசம் இருந்தது. மறுபடி தட்டு வைத்தோம். அக்காவுக்கு அது பெரிய சோதனை. கை தானாகத் தட்டுப் பக்கம் போகும், சுட்டதுபோல் திரும்பும். ஆஸ்பத்திரி மேட்ரனம்மா வந்தபோது நானும் இருந்தேன்.

"என்னம்மா, உன் கடையிலயா இந்த அழுக்கு?"

ஆர்டர் போனாலும் போகட்டும் என்று அக்கா நிமிர்ந்தார். "அது என் தூசி இல்லீங்க. தம்பியோட படிப்பு. ஊதிடாதீங்க!"

மேட்ரனம்மா சிரித்துவிட்டார். ஆர்டர் தப்பியது.

தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துப் போய்ச் சோதனைக்கூடத்தில் பார்த்தால், மாவைவிட நுண்ணிய அந்தப் பொடியில் பிரேக்கும் டயரும் தேய்ந்த துகள், ஈயம், செம்பு. கூடவே கிருமிகள், அவற்றில் சில சாதாரண மருந்துக்கு மசியாதவை. உலர்ந்த துடைப்பம் பட்டால் எல்லாம் காற்றில் எழும்பி மூச்சில் ஏறும் என்றேன்.

"அப்போ தினமும் நான் தூசியைக் கூட்டல, பறக்க விட்டிருக்கேன்!" அன்றே துடைப்பத்தை ஒதுக்கிவிட்டு ஈரத்துணிக்கு மாறினார்.

காலேஜில் மறுபடி கொஞ்சம் தூசி கேட்டாலும் கேட்பார்கள் என்று வாய்மொழித் தேர்வுவரை தட்டை ஜன்னலிலேயே விட்டிருந்தேன். தேர்வு முடிந்ததும் கடைக்கு ஓடினேன்.

"அக்கா, பாஸ்!"

"நீ பாஸாகாம வேற யாரு ஆவா?" என்றார் அக்கா. கையில் ஈரத்துணி தயாராக இருந்தது. "இனிமே அந்தச் சனியனைக் கழுவலாமா?"