கறுப்பு மாரிஸும் என் தங்கை பாண்டிலட்சுமியும்

என் தங்கை பாண்டிலட்சுமி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி இந்தக் கை உதவாது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கையால்தான் இன்று மாவு கரைக்கிறாள், துணி பிழிகிறாள். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்ட, கார் கழுவும் வாட்டர் சர்வீஸ் ஷெட்டின் சாவி இப்போது அவள் இடுப்பில் இருக்கிறது. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள், முப்பத்தைந்து வயதுக்கு மேல் இடது கையால் தமிழ் எழுத்துகளைப் படித்தாள். கோவையில் பழைய கார்களுக்காக நடந்த விழாவில் அவள் பராமரித்த மாரிஸ் மைனருக்கு, பெயிண்ட் நன்றாக இருக்கிறதென்று கேடயம் கொடுத்தார்கள். கேடயம் கார்க்காரர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஆனால் மேடையில் அதைக் கையில் வாங்கியவள் அவள்தான்.

பயத்தை ஜெயித்தாள் என்று மட்டும் எழுத மாட்டேன். அது இன்னும் அவளிடம் அப்படியே இருக்கிறது.

எங்கள் வீடு சிவகாசியில். ஊரே தீப்பெட்டி செய்கிறது. எங்கள் வீட்டில் தீப்பெட்டி கிடையாது. கரண்ட் அடுப்புதான். சாமிக்கு விளக்கேற்ற வேண்டுமென்றால் பாண்டி தெருமுனை வரை போய்விடுவாள், என் மனைவி பக்கத்து வீட்டில் தீப்பெட்டி வாங்கி ஏற்றி முடித்த பிறகு வருவாள். தீபாவளி அன்று ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகி, சுவர் ஓரமாக உட்கார்ந்திருப்பாள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். சின்னப்பிள்ளையிலேயே தீக்குச்சி அடுக்கப் போனவள், வளர்ந்ததும் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் வேலை முடிகிற நேரம், உடன் இருந்த ஒருவர் தண்ணீர் தெளிக்காமல் அறையைக் கூட்டினார். காய்ந்த தரை, காய்ந்த விளக்குமாறு, சிந்திக் கிடந்த மருந்துத்தூள். அவ்வளவுதான். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்ததால் பாண்டி வெளியே விழுந்தாள். கூட்டியவர் வரவில்லை. இவளுக்கு வலது கை முழுவதும் வெந்து, விரல்கள் பாதிதான் நிமிரும்படி ஆகிவிட்டன. கட்டைவிரலில் ரேகை அழிந்து, வழவழவென்று புளியங்கொட்டை மாதிரி ஆகிவிட்டது.

அதன்பிறகு தீ மட்டுமில்லாமல் இன்னும் இரண்டு பயங்கள் அவளைப் பிடித்துக்கொண்டன. ஒன்று, காய்ந்த தூசி. மற்றொன்று, தன் பெயர். விசாரணைக்கு வந்தவர்கள் ஆளாளுக்குப் பேர் கேட்டு, யார் கூட்டினது, நீ ஏன் தடுக்கவில்லை என்று துளைத்ததில், பேர் வெளியே தெரிந்தால் பழி வரும் என்று அவள் மனசில் பதிந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் மிஞ்சிய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். எட்டாம் வகுப்பு படித்தவன் சொல்லிக் கொடுக்கக்கூடியதைச் சொல்லிக் கொடுத்தேன். முழுப் பெயரையும் அழகாக எழுதுவாள். ஆனால் கையெழுத்து என்று எங்கே கேட்டாலும் வலது கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்துவிடுவாள். வெறும் நீலப் பொட்டு விழும்.

"இந்த வெரல வெச்சு எவனும் என்னையப் புடிக்க முடியாதுண்ணே," என்பாள். அவள் சொல்லும் ஒரே வேடிக்கை அதுதான். அதுவும் வேடிக்கை இல்லை என்று எனக்குத் தெரியும்.

கார் கழுவும் வேலைக்கு அவளே கேட்டுப் போனாள். சாத்தூர் ரோட்டில் காசிராஜன் நடத்தும் ஷெட். ஏன் அந்த வேலை என்று கேட்டதற்கு, "அங்கன எல்லாம் ஈரமா இருக்கும்ணே," என்றாள். காய்ந்த துணியால் எதையும் துடைக்க மாட்டாள். முதலில் தண்ணீர், பிறகு சோப்பு நுரை, பிறகு திரும்பத் தண்ணீர். துணியை வட்டமாகத் தேய்க்க மாட்டாள், நேர்கோட்டில் இழுப்பாள். அவள் கழுவிய கார்களில் மட்டும் வெயிலில் பார்த்தால் சிலந்திவலை மாதிரிக் கீறல் தெரியவில்லை என்பதைக் காசிராஜன்தான் கண்டுபிடித்தார். அவர் சொல்லித்தான் சபரிநாதன் அண்ணாச்சி தன் மாரிஸை அவளிடம் விட்டார்.

அண்ணாச்சிக்குப் பட்டாசு ஆலை இருக்கிறது. அந்த மாரிஸ் அவர் அப்பா வாங்கியது. பல காலம் குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் கிடந்ததைக் கோவைக்கு அனுப்பிப் புதுசாக்கிக் கொண்டுவந்தார். கறுப்பு. பழைய முறைப்படி பூசியது. இந்தக் காலத்துக் கார்களில் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். இதில் அது கிடையாது. நிறம்தான் மேல்தோல். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் கறுப்பு ஏறும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெயிண்ட் போய்விடுகிறது என்று அர்த்தம். பானெட்டின் நடுமடிப்பில் பூச்சு ரொம்ப மெல்லிசு. அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் பாண்டி மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பு. கறுப்புக் காரில் அது காய்ந்தால் வெள்ளை வளையம் வளையமாகப் பூத்து, பெயிண்டையே அரித்துவிடும். அதனால் மாரிஸுக்கு மட்டும் கேன் தண்ணீர். குழாய் ஹோஸை அந்தக் காரின் பக்கமே அவள் கொண்டுபோனது கிடையாது.

அண்ணாச்சி மகள் ஐஸ்வர்யாவுக்கு ஆவணியில் கல்யாணம். பெண் மாரிஸில்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று அண்ணாச்சி ஆசைப்பட்டார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பானெட்டுக்குக் கடைசிப் பாலிஷ். பிரஸ் லீவு என்பதால் நானும் போனேன். பாலிஷ் மெஷினுக்குள் சுற்றும்போது சின்னப் பொறி தெரியும். அதனால் பக்கத்தில் ஆள் இல்லாமல் அவள் சுவிட்சைப் போட மாட்டாள்.

அண்ணாச்சியின் கம்பெனி ஆபீசுக்குப் பின்னால் கார் ஷெட். பாதி பானெட்டில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. டிரைவர் முனியராஜ் எங்களைப் பார்த்ததும் காரை மூடியிருந்த துணியை ஒரே இழுப்பாக இழுத்தான். அது பாண்டி தைத்துக்கொடுத்த மெத்துத் துணி இல்லை.

பானெட் முழுவதும் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி. நான் ரோட்டுப் புழுதி என்று நினைத்தேன். முனியராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்தான்.

"தொடாதீக!"

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டது அந்த ஆஸ்பத்திரியில்தான்.

"என்னக்கா, பாம்பா கெடக்கு?"

"அந்தத் துணிய எங்கன எடுத்தீக?"

"ஆலை லோடு வண்டில கெடந்துச்சு. ஒங்க துணிதான் மழையில நனைஞ்சுபோச்சே. இது பெருசா இருந்துச்சு, கச்சிதமாப் போத்திட்டேன். நல்லது செஞ்சாலும் குத்தமா?"

பாண்டி குனிந்து, தொடாமல், பக்கவாட்டில் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெயில் பட்ட இடத்தில் அந்தத் தூசி மீன் செதில் மாதிரி மினுங்கியது. புழுதி மினுங்காது, வெடிமருந்தில் கலக்கிற அலுமினியத்தூள்தான் அப்படி மினுங்கும். ஆலையில் மருந்து காயவைக்கும் இடத்தில் விரிக்கிற துணி அது.

"அண்ணே, பிளக்கப் பிடுங்கு."

"சுவிட்சு போடவே இல்லையே பாண்டி."

"பிடுங்குண்ணே!"

பிடுங்கினேன். அவள் அங்கே இருந்த ஒரே ஒரு கேன் தண்ணீரைப் பார்த்தாள். சுவரில் சுருட்டி வைத்திருந்த ஹோஸைப் பார்த்தாள். பிறகு போய் போர் குழாயைத் திறந்தாள். மாதக்கணக்காகக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த அந்தக் கறுப்பின் மேல், தானே உப்புத்தண்ணீரைக் கொட்டினாள். கூரையிலிருந்து சக்கரம் வரை, பிறகு தரையிலும்.

"ஏக்கா! கல்யாணக் காருக்கா!" முனியராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். "வெள்ளை வெள்ளையாப் பூத்துரும்னு நீங்கதான சொன்னீக! அண்ணாச்சி என்னையல்ல உரிச்சுப்புடுவாக!"

"பூக்கட்டும்."

"சும்மாவா ஒங்களப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லுதாக. ஒரு தூசிக்கு இம்புட்டு அழும்பா?"

அவன் கோபத்தில், ஈரம் படாமல் ஓரமாகக் கிடந்த அந்தத் துணியை வாரிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தான். ஈரத்தைத் தாண்டிக் காய்ந்த சிமெண்ட் தரைக்குப் போனதும் ஒரு முனை நழுவி இழுபட்டது. அந்த முனையைச் செருப்புக்காலால் மிதித்து, வெடுக்கென்று இழுத்தான்.

கடுகு வெடிப்பது போல் சடசடவென்று சத்தம். துணியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. அவன் துள்ளி விழுந்தான்.

பாண்டி ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கால்கள் நகரவில்லை. பயத்தில் நகர முடியவில்லை என்று பிறகு அவளே சொன்னாள். ஆனால் ஹோஸ் கையில் இருந்தது. அப்படியே அவன் பக்கம் திருப்பினாள். துணி, தரை, முனியராஜ் எல்லாம் தொப்பலாக நனைந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. நான் போய்க் குழாயை மூடினேன்.

செருப்பு வார் உருகி, அவன் குதிகாலில் ஒரு கொப்புளம். அவ்வளவுதான்.

"காருக்கு ஊத்துனது பத்தாதாக்கா?" என்றான். சிரிக்கப் பார்த்தான், பல் தந்தியடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கந்தக வாடை அந்த இடத்தை விட்டுப் போகவே இல்லை. பாண்டி இரண்டு கைகளையும் முழங்கை வரை திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"வீட்டுக்குப் போயிருவோம்ணே. இனிமே எந்தக் காரும் வேண்டாம்."

சரி என்றேன். கேட் வரை நடந்தோம். அங்கே அண்ணாச்சி எதிரே வந்தார். அவர் கண் நேராகப் பானெட்டுக்குப் போனது. வெயிலில் தண்ணீர் காய்ந்து, வெள்ளை வளையங்கள் ஒவ்வொன்றாகப் பூத்துக்கொண்டிருந்தன.

"யாரு போர் தண்ணி ஊத்துனது?"

முனியராஜ் தலையைக் குனிந்துகொண்டான். பாண்டி என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். எந்தக் கேள்விக்கும் அவள் பதில் "எனக்குத் தெரியாதுங்க" என்பதுதான். அவள் என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள்.

"நாந்தான் ஊத்துனேன் அண்ணாச்சி," என்றாள்.

அவர் அவளைத் தாண்டி, நனைந்து கிடந்த துணியைப் பார்த்தார். குனிந்து அதன் கருகிய ஓரத்தை மோந்தார். பரம்பரையாகப் பட்டாசுத் தொழில் செய்கிறவர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பானெட்டைப் பார்த்தார். சுவரில் தொங்கிய மெஷினைப் பார்த்தார். மெதுவாகப் படியில் உட்கார்ந்து, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"ஆலையில இருந்து ஒரு துணிகூட இனிமே இந்தப் பக்கம் வரக்கூடாதுலே," என்றார் முனியராஜிடம். பிறகு, "காரு கெடக்கட்டும்மா. கல்யாணத்துக்கு வேற கார் எடுத்துக்கிடலாம். நீ வீட்டுக்குப் போ."

போகச் சொன்ன பிறகுதான் அவள் நின்றாள். பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பப் போனா நான் திரும்பி வரமாட்டேன் அண்ணே," என்று என்னிடம் சொன்னாள். "எனக்கு என்னையத் தெரியும்."

முனியராஜ் நொண்டிக்கொண்டே போய்க் கேன் தண்ணீராக வாங்கி வந்து இறக்கினான். அவள் முதலில் ஒவ்வொரு இடுக்கிலும் தண்ணீர் விட்டு அலசினாள். தண்ணீர் தெளிவாக ஓடும் வரை விட்டாள். அதன்பிறகு வினிகரில் நிறையத் தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, வளையங்களின் மேல் போட்டு வைத்தாள். தேய்க்கவில்லை. உப்பு தானாக இளக வேண்டும். இளகியதும் அலசி, இடது கை விரல்களில் ஒரு பாலித்தீன் பையை மாட்டிப் பானெட்டைத் தடவிப் பார்த்தாள். வெறும் விரலுக்குத் தெரியாத நெருநெருப்பு பைக்குள் தெரியும். தெரிந்த இடத்தில் திரும்பவும் துணி.

மெஷினைத் தொடவில்லை. கையாலேயே பாலிஷ் போட்டாள். கை நடுங்கும்போதெல்லாம் துணியை எடுத்துவிட்டு, நடுக்கம் நின்ற பிறகு வைத்தாள். தூரத்தில் ஏதாவது சத்தம் கேட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். நான் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். துணியில் கறுப்பு ஏறியது. வளையங்கள் மங்கி மறைந்தன. நடுமடிப்புக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும், சின்னப் பொத்தான் அளவு, மிஞ்சியது.

அவள் நிறுத்திவிட்டாள்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்து பார்த்தார். கறுப்பில் அவர் முகம் தெரிந்தது. விரலால் அந்த வளையத்தைக் காட்டினார்.

"இது?"

"அது நான் ஊத்துன தண்ணி அண்ணாச்சி. இன்னும் தேச்சா அடிப்பூச்சு வந்துரும். அது போகாது."

அந்த வளையத்தோடுதான் மாரிஸ் கல்யாணத்துக்குப் போனது. அடுத்த வருடம் கோவையில் கேடயம் வாங்கியதும் அந்த வளையத்தோடுதான்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி பானெட்டைத் தூக்கினார். உள்பக்க மூலையில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பெயர் இருந்தது. பெயிண்ட் அடித்த கோவைக்காரரின் பெயர்.

"இதுக்குக் கீழ ஒன் பேரப் போடும்மா."

அவள் வலது கட்டைவிரல் தானாக முன்னால் வந்தது.

"வெரல் இல்ல. பேரு."

"எழுதுனா, நாளைக்கு ஏதாச்சும்னா என்னையத் தேடி வருவாகல்ல அண்ணாச்சி?"

"ஆமா. வருவாக."

அவள் என்னைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. மெல்லிசு பிரஷ் ஒன்றும் வெள்ளைப் பெயிண்டும் கேட்டாள். முனியராஜ் ஆபீசிலிருந்து தேடி எடுத்துவந்தான். இடது கையால், காலண்டர் தாளில் எழுதுவதைவிட மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கடைசி எழுத்துக்கு இடம் பத்தாமல் அது கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. பயம் போன முகமில்லை அது.

தேதி போடச் சொன்னேன். போட்டாள்: 20.8.2023.