பத்து முழ மரம்

பூக்காரியோடு முழத்துக்குச் சண்டை போடுவது எனக்குத் தினசரி வேலை. காலை எட்டேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, பழனி ரோட்டு முக்கில் பஸ்ஸுக்கு நிற்கும் பத்து நிமிடத்தில் அதை முடித்துவிடுவேன். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அப்போது அறிவியல் டீச்சர். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி. அவளுக்கும் அப்படித்தான். ஏறக்குறைய என் வயசுதான் இருக்கும். சித்தையன்கோட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, மார்க்கெட்டில் பூ எடுத்து, முக்கில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில் கூடையை இறக்கினால், சாயங்காலம் மரம் இலையை மூடுகிற வரைக்கும் அவள் இடம் அதுதான்.

முழம் என்பது முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனிவரை. ஊருக்கெல்லாம் அது ஒன்றரை அடி. அவள் மட்டும் முட்டிக்கு இரண்டு விரல் முன்னாலேயே மடக்கிவிடுவாள். நான் வாயைத் திறப்பதற்குள் பூ அறுந்து என் கைக்கு வந்திருக்கும்.

"இது ஒரு முழமா? வீட்டு மாதா படத்துக்குப் பாதிகூடச் சுத்தாது" என்பேன்.

"அப்ப சின்னப் படமாப் பாத்து மாட்டுங்க டீச்சர்" என்பாள்.

அந்த மரம் ரோட்டின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நிழல் போடும். சித்திரை வெயிலில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் மரத்தடிக்குள் ஓடிவந்து, அப்புறம்தான் எந்தப் பக்கம் போவது என்று யோசிப்பார்கள். கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தையே 'தூங்குமூஞ்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது இறங்க மறந்து உட்கார்ந்திருந்தால் மொத்த பஸ்ஸும் சிரிக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் போனால் மரத்தில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி. பூக்காரி கூடையை இறக்காமலே நின்றிருந்தாள். எதிர் டீக்கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த இடத்தில் பயணிகள் நிழற்குடை வரப்போகிறது, அதற்காக மரத்தை வெட்டப்போகிறார்கள்.

"நெழல வெட்டிட்டு நெழக்கொட கட்டுவாகளா?" என்றாள் அவள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. "கல்யாணமாகி வந்த வருசத்துலேர்ந்து இங்கன இருக்கேன் டீச்சர். இந்த ரோட்டுல வேற எங்கன போயி ஒக்காருவேன்? செத்த நேரம் வெயில்ல வச்சா மல்லி கருகிப்போகும்."

அன்றைக்கு நாங்கள் சண்டை போடவில்லை. கொடுத்த பூவை அப்படியே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். 

அந்த வெள்ளிக்கிழமைதான் ஸ்டாஃப் ரூமில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊரில் இருக்கும் பழைய மரங்களை ஒரு கமிட்டி பட்டியல் எடுக்கிறது. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், அதாவது நெஞ்சுயரத்தில், சுற்றளவு பதினைந்து அடி இருக்கும் மரத்துக்குப் பலகை வைப்பார்கள். பட்டியலில் ஏறிய மரத்தில் யாரும் கை வைக்க முடியாது. விண்ணப்பம் அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். படித்ததும் எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. கடைசி வகுப்பில் பிள்ளைகளுக்கு என்ன நடத்தினேன் என்று இன்றைக்கு வரைக்கும் ஞாபகமில்லை.

நாலரை மணிக்கு முக்கில் குதித்து இறங்கினேன். பஸ் முழுசாக நிற்கக்கூட இல்லை.

"நூல் எடு" என்றேன்.

"எதுக்கு டீச்சர்?"

"எடு தாயி, மரத்த அளக்கணும். பதினஞ்சு அடி இருந்தா ஒருத்தனும் வெட்ட முடியாது."

பூ கட்டும் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக மரத்தைச் சுற்றி ஓடினோம். என் நெஞ்சுயரத்தில் நூலை இழுத்துப் பிடித்து அறுத்தாள். டேப் தேட நேரமில்லை. அவளே கையை நீட்டி அளக்க ஆரம்பித்தாள். 'ஒன்று' என்று ஒருநாளும் சொல்லமாட்டாள், வியாபாரம் செய்கிறவள் இல்லையா, "லாபம்" என்றுதான் தொடங்குவாள்.

"லாபம், ரெண்டு, மூணு..."

எட்டு. ஒன்பது. பத்து என்று அவள் சொன்னபோது நூல் கச்சிதமாக அவள் விரலில் முடிந்தது. பத்து முழம். பத்தும் ஒன்றரையும் பதினைந்து. நடுரோட்டில் நான் குதித்த குதியைப் பார்த்து ஒரு ஷேர் ஆட்டோ பிரேக் போட்டது. சுற்றளவு பதினைந்து அடி என்று எழுதி, டீக்கடைக்காரரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி மிதித்து, ஐந்து அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது விண்ணப்பத்தைக் கொடுத்தேன்.

வருஷக்கணக்காக எந்த முழத்துக்காகச் சண்டை போட்டேனோ அந்த முழத்தாலேயே அளந்திருக்கிறேன் என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை. அம்புட்டு சந்தோஷம்.

அடுத்த புதன்கிழமை, நான் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்கு, கமிட்டியிலிருந்து ஒருவர் சுருள் டேப்போடு வந்தார். கண்ணாடி போட்ட, சத்தமில்லாத மனுஷர். டேப்பின் ஒரு முனையை டீக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். தரையிலிருந்து நாலரை அடியில் சாக்பீஸால் கோடு போட்டு, டேப்பைச் சுற்றி, குனிந்து படித்தார்.

"பதிமூணு அடி நாலு அங்குலம்."

"தப்பு சார். பத்து முழம்" என்றேன்.

"எதால அளந்தீங்க?"

நான் பூக்காரியைப் பார்த்தேன். அவள் தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடைக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த முக்கில் அவள் முழத்தைத் தெரியாதவர் யார்?

எனக்கு வந்த ஆத்திரத்தை அவள் மேல் கொட்டினேன். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, முட்டி வரைக்கும் அளன்னு. மரத்துக்குமா குறைச்சு அளப்ப?"

"கைப்பழக்கம் டீச்சர்" என்றாள்.   அவள் கண் கலங்கியதும் என் கோபமெல்லாம் எங்கேயோ போய், சீ என்று ஆகிவிட்டது. டீச்சர் நான். பெருக்கத் தெரிந்த எனக்கு அளக்கத் தெரியவில்லை.

"மன்னிச்சிருங்கம்மா, பதினஞ்சு இல்லாம நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று அந்த மனுஷர் டேப்பைச் சுருட்டினார். ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று டீக்கடைக்குள் காலை வைத்தவர் தடுமாறி விழப்போனார். டீக்கடைக்காரர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து சார், ரெண்டு படி எறங்கணும். எங்கப்பா கட்டுனப்ப ரோட்டுலேர்ந்து மூணு படி ஏறித்தேன் கடைக்குள்ள வரணும். தார் மேல தார் போட்டு, ஜல்லி மேல ஜல்லி கொட்டி, இப்ப நாங்க குழிக்குள்ள கெடக்கோம்."

நான் அந்தப் படிகளைப் பார்த்தேன். திரும்பி மரத்தைப் பார்த்தேன். உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வென்று ஏறியது.

"சார், நாலரை அடி எங்கேர்ந்து?"

"தரையிலேர்ந்து."

"எந்தத் தரை சார்?"

டீ டம்ளரை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"கடை குழிக்குள்ள போச்சுன்னா மரமும்தானே போயிருக்கும்? நீங்க ரோட்டுலேர்ந்து அளந்தீங்க. மரம் ரோட்டுலயா மொளச்சுச்சு?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தோண்டிப் பாத்துருவோம்" என்றார். அந்த மனுஷரை அங்கேயே கும்பிட வேண்டும் போலிருந்தது.

டீக்கடைக்காரர் கடப்பாரையோடு வந்தார். அடிமரத்தை ஒட்டிக் குத்தினார். முதலில் தார், அப்புறம் ஜல்லி, மறுபடியும் தார், மறுபடியும் ஜல்லி. பூக்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்கையால் கல்லை அள்ளிப் போட்டாள். நானும் உட்கார்ந்து அள்ளினேன். இரண்டு பஸ் வந்து போயிற்று, நின்றவர்களில் பாதிப்பேர் ஏறவில்லை. கடைசியில் செம்மண் வந்தது. அதற்குள் வேர்கள் நாலு பக்கமும் பிரிந்து இறங்கின. அதுதான் மரத்தின் தரை. அவர் குழிக்குள் டேப்பை விட்டார். ரோட்டுக்குக் கீழே இரண்டரை அடி.

அங்கிருந்து நாலரை அடி அளந்து புதுக்கோடு போட்டார். அது என் முழங்காலுக்கு மேலே, தொடையளவில் வந்தது. அந்த இடத்தில் மரம் வேருக்கு இறங்குவதற்காக அகன்று பருத்திருந்தது. இந்தத் தடவை டேப்பின் முனையைப் பூக்காரியிடம் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் மரத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அவர் சுற்றி வந்து, குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சுற்றி வந்தார்.

"பதினஞ்சு அடி ரெண்டு அங்குலம்" என்றார்.

நான் அழுதேன். ஊரே பார்க்க, ரோட்டு முக்கில், புழுதிக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதேன். டீக்கடைக்காரர் அன்றைக்கு எல்லோருக்கும் ஓசி டீ போட்டார்.

ஒரு மாதம் கழித்து மரத்தடியில் பச்சைப் பலகை நட்டார்கள். நிழற்குடை முப்பது அடி தள்ளிப் போனது. அதில் இன்று வரைக்கும் யாரும் நிற்பதில்லை.

பலகை வந்த அன்றைக்குக் காலையில் பூக்காரி என்னைத் தூரத்திலேயே பார்த்துக் கையாட்டினாள். மடியில் ஒரு பெரிய மல்லிகைப் பந்து.

"கையை நீட்டுங்க டீச்சர்."

நீட்டினேன். முட்டியில் பிடித்து நடுவிரல் நுனிவரை பூவை இழுத்தாள். "லாபம்" என்றாள். ஒரு முழத்தில்கூட ஒரு நூல் குறைக்கவில்லை. பத்து முழம் அளந்து, மேலே இரண்டு விரல் விட்டு அறுத்து, நாங்கள் இரண்டு பேருமாக மரத்தைச் சுற்றிக் கட்டினோம். பூ முனைக்கு முனை சரியாக வந்து சேர்ந்தது.  

பஸ் வரும் சத்தம் கேட்டது. "சரி, எனக்கு ஒரு முழம் கொடு" என்றேன்.

அவள் கூடையிலிருந்து பூவை எடுத்துத் தன் கையில் இழுத்தாள். முட்டிக்கு இரண்டு விரல் முன்னால் மடக்கினாள்.

"ஏய், என்ன இது?" என்றேன்.

"மரத்துக்கு ஒங்க முழம்" என்றாள், பூவை அறுத்துக்கொண்டே. "ஒங்களுக்கு எம் முழந்தேன்."