ஏழாங்கட்டை மண்டபம் கல்லா, மரமா?

புதன்கிழமை மாலை, நன்றாக யோசித்த பிறகு, இந்தப் பயணத்துக்குச் செருப்பு வேண்டாம், பாதத்தை மூடும் சப்பாத்து அணிந்தே போவதென்று முடிவு செய்தேன். அவசரத்தில் எடுத்த முடிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு சோடிகளையும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். தோட்டத்து மண்ணுக்குச் செருப்புதான் சரி. குழாயடியில் காட்டினால் போதும், சேறு போய்விடும். அரசாங்க அலுவலகத்து வாசலிலோ செருப்பின் படத்தைப் போட்டு, அதன்மேல் சிவப்புக் கோடு கிழித்து ஒட்டியிருப்பார்கள். தோட்டத்துக்கும் அலுவலகத்துக்கும் ஒரே நாளில் போகிறவர் இரண்டு ஆட்சிகளின் குடிமகன். நான் அலுவலகத்தின் பக்கம் சாய்ந்தேன். வீட்டில் இதை அறிவித்தபோது யாரும் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பயணத்தின் காரணம் இது. வசந்தா என் சின்னம்மா மகள். நெகிரி செம்பிலானில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். இன்றும் அங்கேயே குடியிருந்து, சிரம்பான் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வருகிறாள். தோட்டத்துச் சமூகநலச் சங்கத்தின் செயலாளரும் அவள்தான். சங்கத்து மண்டபத்தைப் பழுது பார்க்க அரசாங்க மானியம் கிடைத்தது. பாதிப் பணம் முதலில் வரும். அதை எப்படிச் செலவு செய்தோம் என்ற அறிக்கை ஏற்கப்பட்டால் மறுபாதி வரும். முதல் பாதியில் தரைக்குச் சிமெண்டு போட்டு, மின்கம்பிகளை மாற்றினார்கள். மறுபாதி கூரைக்கு.

அறிக்கை திரும்பி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொடுக்காவிட்டால் மறுபாதி வராது. முதல் பாதியையும் திருப்பிக் கேட்பார்கள். இதற்கிடையே வசந்தாவின் மகள் பிரியாவுக்கு இரண்டு மாதத்தில் அந்த மண்டபத்தில் கல்யாணம். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. கூரை ஒழுகுகிறது.

தொலைபேசியில் கேட்டேன், அறிக்கையில் என்ன தப்பு என்று. மண்டபம் கல்லா மரமா என்று கேட்கிறார்களாம். எது என்றேன். "அதான்க்கா இப்ப எங்களுக்கே தெரியல" என்றாள்.

பயணக் கட்டுரை எழுதுகிறவளுக்கு எந்தக் கடிதமும் எழுத வரும் என்பது வசந்தாவின் நம்பிக்கை. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. தவிர, மானியக் கோப்பைச் சுமந்துகொண்டு தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் நடுவே அலைகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த வழித்தடத்தைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. கடற்கரைகளைப் பற்றிப் போதுமான அளவு எழுதியாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால் கோலாலம்பூரில் ரயில் ஏறினேன். சிரம்பானுக்கு எட்டு வெள்ளி எழுபது காசு. ஒன்றரை மணி நேரம். இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் வெயில் அடிக்கும். வலப்பக்கம் உட்கார்ந்தால் குளிர்சாதனக் காற்று நேராகத் தலையில் விழும். நான் நடுவில் நின்றுகொண்டு வந்தேன். அதற்குக் காரணம் கூட்டம்.

நிலையத்தில் சேகர் காத்திருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்படியே வந்திருந்தார். சங்கத்தின் பொருளாளர் என்பதால், சங்கத்தின் கணக்கு முழுவதும் அந்த வேனில்தான் இருக்கிறது. ஓட்டுநர் தலைக்கு மேலே வெயில் மறைக்கும் பலகை இருக்குமே, அதன் இடுக்கில் ரசீதுகளைச் செருகி வைத்திருந்தார். ஒன்றை உருவிப் பார்த்தேன். வெள்ளைவெளேர் என்று இருந்தது. அடுத்ததும் அப்படியே. ஆணி, சிமெண்டு விற்கிற வன்பொருள் கடைகளில் கொடுக்கிற அந்த வழவழப்பான தாள் நான்கு மாத வெயிலில் தன்மேல் எழுதியிருந்ததை மறந்துவிட்டது.

"அது சரி பண்ணிட்டேன்க்கா. கடைக்காரத் தவ்கேகிட்ட போயி, எல்லாத்தையும் மறுபடி எழுதி, கடை முத்திர சாப் அடிச்சு வாங்கிட்டேன். அவரு திட்டுனாரு, ஆனா அடிச்சாரு." பிறகு என் காலைப் பார்த்தார். "என்னக்கா சப்பாத்து? நேத்து பேஞ்ச மழையில நம்ப பக்கம் மாடே வழுக்குது லா."

அம்பாங்கானைத் தாண்டியதும் கடைவரிசைகள் முடிந்து செம்பனை தொடங்கிவிடும். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஏழாங்கட்டை என்றார். வெளியூர் வாசகர்களுக்காக: இங்கே நாம் மைலைக் கட்டை என்போம். ஏழாம் மைலில் இருக்கிற ஊர் ஏழாங்கட்டை. அதே மைலை மலாய்க்காரர்கள் பத்து என்பார்கள். மலாயில் பத்து என்றால் கல். அதாவது ஒரே சாலையோரத்தில் நட்டிருந்த ஒரே பொருளைப் பார்த்து அவர்கள் கல் என்றார்கள், நாம் கட்டை என்றோம். நட்டது வெள்ளைக்காரன், அவன் தூரம் என்றான். சாலையை அகலப்படுத்தியபோது மூன்றையும் பிடுங்கிவிட்டார்கள்.

வேனின் மீட்டரைக் கவனித்துக்கொண்டே வந்தேன். மண்டபத்து வாசலில் பதினான்கு கிலோமீட்டர் காட்டியது. அது கிட்டத்தட்ட ஒன்பது மைல். சேகரிடம் சொன்னேன். ரோடு இப்போது வளைந்து வளைந்து போகிறது என்றார். அந்த ஏழு மைலை எங்கிருந்து எண்ணினார்கள் என்று கேட்டதற்கு, சிரம்பான் ரயில் நிலையத்திலிருந்து என்றார். எதிர்க் கடையில் ரொட்டி சானாய் தட்டிக்கொண்டிருந்தவர், இடித்துவிட்ட பழைய ரப்பர் ஆலையிலிருந்து என்றார். அவர் கடையில் ஒரு ரொட்டி ஒரு வெள்ளி ஐம்பது காசு. தேத்தண்ணீர் நன்றாக இருக்காது.

மண்டபம் பலகையால் ஆனது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, தட்டிப் பார்த்தேன். நான்கு பக்கமும் பலகை, மேலே தகரம். கீழே புதுச் சிமெண்டுத் தரை, பில்லியர்ட்ஸ் ஆடலாம் போல மட்டமாக இருந்தது. தரையின்மேல் ஆறு வாளிகள். வசந்தா அரை நாள் விடுப்பு எடுத்து எனக்காகக் காத்திருந்தாள். ஒரு வாளியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நின்றாள்.

"மணவறை இங்கக்கா."

அண்ணாந்து பார்த்தேன். கைக்குட்டை அளவுக்கு வானம் தெரிந்தது. வேறு இடத்தில் மணவறையைப் போட முடியாதா என்றேன். கிழக்கு பார்க்க வேண்டுமாம். கிழக்கு பார்க்கிற மற்றோர் இடம் கழிவறைக் கதவுக்கு எதிரே இருக்கிறது. சிரம்பானில் மண்டபம் பார்க்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். அவளே சொல்லிவிட்டாள்: விசாரித்த இடத்திலெல்லாம் அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன, காலியாக இருந்த ஒன்றின் வாடகை அவளுடைய இரண்டு மாதச் சம்பளம். மாப்பிள்ளை வீட்டார் கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். அவர்கள் தலையில் தண்ணீர் சொட்டக் கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

பிறகு கோப்பைத் திறந்தோம். நடந்தது இதுதான். மலாயில் எழுதிய விண்ணப்பத்தில் "டேவான் பத்து 7" என்று இருந்தது. ஏழாங்கட்டை மண்டபம் என்பதற்கு இதைவிடச் சரியான மலாய் கிடையாது. அலுவலகத்தில் யாரோ இதைக் கணினியில் பதிந்தபோது, கட்டட வகை: கல், எண்ணிக்கை: ஏழு என்று பதிந்துவிட்டார்கள். டேவான் பத்து என்றால் கல்மண்டபம் என்றும் பொருள். அதற்கும் அதைவிடச் சரியான மலாய் கிடையாது.

இது ஒரு பக்கம். சங்கத்தின் கூட்டக் குறிப்புகள் தமிழில் இருக்கின்றன. அறிக்கையோடு அவற்றின் மொழிபெயர்ப்பும் வேண்டும். சிரம்பானில் பக்கத்துக்கு இருபத்தைந்து வெள்ளி கேட்டார்கள். சேகர் கைப்பேசியில் இலவசமாகச் செய்துவிட்டார். கைப்பேசிக்கு நம் மைல் தெரியாது. "ஏழாங்கட்டை மண்டபம்" ஏழாவது மரக்கட்டையின் மண்டபம் ஆனது. இரண்டாம் பக்கத்தில் வசந்தா, அதிகாரிகளுக்குப் புரியட்டும் என்று மலாய்ச் சொல்லையே தமிழில் எழுதி "பத்து 7 மண்டபம்" என்று வைத்திருந்தாள். கைப்பேசி அதைப் பத்தும் ஏழுமாக எடுத்துக்கொண்டது.

ஆக, விண்ணப்பத்தின்படி கல். முதல் பக்கத்தின்படி மரம். இரண்டாம் பக்கத்தின்படி எண்கள். அதிகாரி ஓரத்தில் பென்சிலால் மூன்று கேள்விகள் எழுதியிருந்தார். கல் என்றால் மின்கம்பி பதிக்க ஆணியும் பலகையும் எதற்கு வாங்கினீர்கள்? மரம் என்றால் கல் என்று ஏன் விண்ணப்பித்தீர்கள்? மொத்தம் ஒன்றா, ஏழா, பதினேழா. ஒன்று என்றால் மற்றவை எங்கே? நான் வாசித்த அரசாங்கக் குறிப்புகளிலேயே மிக நியாயமானவை இவை.

பிற்பகல் இரண்டே கால் மணிக்கு சிரம்பானில் அந்த அலுவலகத்துக்குப் போனோம். எது என்று சொல்லப்போவதில்லை. மாடியில் இருக்கிறது, மின்தூக்கி உண்டு. வாசல் காவலர் என் காலைப் பார்க்கவே இல்லை. அதிகாரி நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி; புவான், அதாவது அம்மையார், என்றே குறிப்பிடுகிறேன். மரியாதையானவர். மண்டபத்தின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவராகக் கேட்டார்: "இனி பத்து கே, காயு கே?" இது கல்லா, மரமா என்று.

தூரம் என்றேன்.

விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பத்து என்றால் மைல் என்பது அவருக்கும் தெரியும். அவருடைய மாமியார் வீடே பத்து நான்கில்தான் இருக்கிறது. தமிழில் மைலுக்கு மரம் என்றா பெயர் என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் என்றார். எனக்குத் தெரியவில்லை. வசந்தாவைப் பார்த்தேன், அவளுக்கும் தெரியவில்லை. சேகர், ஒருவேளை முதலில் மரத்தில் நட்டுப் பிறகு கல்லில் நட்டிருப்பார்கள் என்றார். புவான் அதைக் குறித்துக்கொண்டார்.

ஏழாம் மைலில் இருப்பதற்குச் சான்று கேட்டார். மின்கட்டண ரசீதைக் கொடுத்தோம். அதில் கிலோமீட்டர் பன்னிரண்டு என்று இருந்தது. வசந்தா பையிலிருந்து கல்யாண அழைப்பிதழை எடுத்து நீட்டினாள். அதில் மூன்று மொழியிலும் ஏழு என்று தெளிவாக அச்சாகியிருந்தது. புவான் அதற்கு முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்தார். பிறகு வசந்தா இன்னொரு அழைப்பிதழில் அவர் பெயரை எழுதிக் கொடுத்தாள். அதில் முத்திரை குத்தவில்லை.

இதற்குப் பின் புவான் முழுக்க எங்கள் பக்கம். திரையை எங்களுக்கே திருப்பிக் காட்டினார். எண்ணிக்கையை ஏழிலிருந்து ஒன்றாகக் குறைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. எங்கள் கண்ணெதிரே ஆறு மண்டபங்களை நீக்கினார். கல்லைப் பலகையாக மாற்ற அதிகாரம் இல்லை. முதல் பாதிப் பணம் போன பிறகு அந்தக் கட்டம் பூட்டிக்கொள்கிறது. கல்மண்டபத்துக்கு ஒதுக்கிய பணத்தில் தகரம் வாங்கினால் தணிக்கையில் நிற்காது. செங்கல், மணல், சிமெண்டு வாங்கலாம். படத்தில் கொஞ்சம் கல் தெரிந்தால் கோப்பு சரியாகிவிடும். கூரைக்கு அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம். அப்போது பலகை என்று எழுதச் சொன்னார்.

கூரையைக் கல்லில் போட்டால் பணம் வருமா என்று சேகர் கேட்டார். அவர் கேலி செய்கிறாரா என்று எனக்கே தெரியவில்லை. புவான் யோசித்துப் பார்த்து, அதற்குப் பொறியாளர் கையொப்பம் வேண்டும் என்றார்.

எல்லோரும் வசந்தாவைப் பார்த்தோம். கையெழுத்திட்டால் மறுபாதி வரும், கூரை வராது. இடாவிட்டால் இரண்டும் வராது. தரைக்கான பணத்தையும் திருப்பித் தர வேண்டும். அவள் பேனாவைக் கையில் எடுத்து, என்னிடம் தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"போட்டுர்றேன்க்கா. இல்லன்னா ஊத்துன சிமெண்ட எப்படித் திருப்பிக் குடுக்குறது, தோண்டியா?"

மூன்று இடங்களில் கையெழுத்திட்டாள். அவள் என்ன சொன்னாள் என்று புவான் கேட்டார். நன்றி சொன்னாள் என்றேன்.

ரயிலில் திரும்பும்போது நாங்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்று காஜாங் நிலையம் வரை யோசித்தேன். கோப்பு முதன்முறையாகத் தனக்குத்தானே முரண்படாமல் இருக்கிறது. அதில் இருக்கிற மண்டபம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் சரியான சொல்லைத்தான் எழுதினார்கள். அவரவர் மொழியில் தேடினால் ஒரு பிழைகூடக் கிடைக்காது.

இதே பயணத்துக்குப் புறப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கடை ரசீதுகளை வாங்கிய அன்றே நகலெடுத்துவிடுங்கள், வண்டியில் வைக்காதீர்கள். வேலை தொடங்கும் முன் ஒரு படம், நடுவில் ஒன்று, முடிந்ததும் ஒன்று, மூன்றும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவையாக இருக்கட்டும். ஊர்ப்பெயரில் மைல் இருந்தால் விண்ணப்பத்தில் கிலோமீட்டராக எழுதுங்கள். கட்டட வகையைத் தனி வரியில் எழுதுங்கள். அலுவலகத்தில் பதிந்த தாளின் நகலைப் பணம் வருவதற்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். கூட்டக் குறிப்பை மொழிபெயர்க்க, பக்கத்துக்கு இருபத்தைந்து வெள்ளி அதிகமில்லை. அலுவலகத்துக்கு மதிய உணவு இடைவேளை முடிந்த பிறகு போங்கள். ஒரு நாள் பயணத்துக்குச் சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து எனக்கு ஐம்பத்திரண்டு வெள்ளி ஆனது. சேகர் முதலில் பெட்ரோலுக்குப் பணம் வேண்டாம் என்பார். இரண்டாம் முறை கொடுங்கள்.

மறுபாதிப் பணம் மூன்று வாரத்தில் வந்தது. மண்டபத்தின் முன்பக்கம் நான்கடி உயரத்துக்குச் செங்கல் சுவர் எழுப்பி, பூசி, வெள்ளையடித்து, படமெடுத்து அனுப்பினார்கள். அறிக்கை ஏற்கப்பட்டது. பிரியாவின் கல்யாணம் குறித்த நாளில் அதே மண்டபத்தில் நடந்தது. மண்டபத்துக்குள் கூடாரம் போட்டிருந்தார்கள்.