எங்கள் தெருவில் சாவே இல்லை

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, பொது நிர்வாகத்தில் எம்.ஏ. படிக்க ஆசைப்பட்டபோது எனக்கு எட்டு வயது. சரித்திரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு எங்களோடு கே.கே. நகரில் இருந்தாள். சரித்திரம் படித்தவளுக்கு நிர்வாகம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். அத்தை புள்ளியியல் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கிவந்து, ஆளுக்கு எத்தனை தோசை என்று சராசரி போட்டுப் பழகினாள்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருந்த பல்கலைக்கழகத்தில் இடங்கள் குறைவு. அரசாங்கத் திட்டம் ஒன்று தன் ஊரில் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்து விண்ணப்பத்தோடு கட்டுரை தரவேண்டும். நேர்முகத்தில் அதை வைத்துத்தான் கேள்வி. இடம் கிடைக்காவிட்டால் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால் வீட்டு வரனுக்குத் தலையாட்டுவதாக அத்தை வாக்குக் கொடுத்திருந்தாள்.

ரேஷன் கடையைப் பற்றி எழுதுவதென்று முடிவாயிற்று. எங்கள் தெருவில் முப்பது வீடு. என் ஆரம்பப் பள்ளிக்கு மட்டும் முன்னதாகவே விடுமுறை விட்டிருந்ததால் நானும் ஒட்டிக்கொண்டேன். அத்தையை எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நோட்டைக் கண்டதும் கார்டில் பெயர் வெட்டும் சப்ளை ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது.

"வீட்ல எம்புட்டுப் பேரு இருக்கீக?"

"கார்டுல உள்ள அம்புட்டுப் பேரும் இருக்கோம்மா."

ஒரு வீட்டில் பெரியவர் படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றியிருந்தது. அதற்குக் கீழேயே நின்றுகொண்டு, "மாமனாரு வெளிய போயிருக்காரு" என்றார் அந்த வீட்டு அம்மா. அத்தை முகம் மாறாமல் எழுதிக்கொண்டாள்.

இருபத்தொன்பது வீடு முடிந்தபோது, எங்கள் தெருவில் பத்து வருஷமாக ஒரு சாவும் விழவில்லை என்று கணக்கு வந்தது. அதுவே கட்டுரையின் முதல் வரி. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நம்ம வீட்ட எழுதலையே, அத்தை. நம்ம கார்டுலயும் தாத்தா இருக்காருல்ல?"

தாத்தா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அத்தை மூடிய நோட்டைத் திரும்பத் திறந்தாள். பிறகு எங்கள் வீட்டையும் எழுதினாள்.

அப்பா படித்துப் பார்த்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நேர்மை சொல்லித்தரும் ஹைஸ்கூல் வாத்தியார் அவர்.

"நம்ம வீட்ட மட்டும் விட்ரு."

"விட்டா அது கட்டுரையில்லண்ணே, புறணி."

அப்பா கட்டுரையை அவள் பக்கம் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோனார். மறுநாள் ஹைஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு எங்கேயோ போய்வந்தார்.

நேர்முகத்துக்குக் கிளம்பும் காலையில் அத்தையின் ஃபைலில் எங்கள் ரேஷன் கார்டு இருந்தது. தாத்தா பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் ஆபீஸ் முத்திரை. "ஒங்க வீட்டுக் கார்டுல அப்பா பேரு இன்னும் இருக்கா?" என்றுதான் நேர்முகத்தில் முதலில் கேட்டார்களாம். அத்தை கார்டை எடுத்து நீட்டினாளாம். இடம் கிடைத்தது. கொடிக்கால் வரன் வேறு வீடு பார்த்துக்கொண்டது.

எனக்கு அத்தைமேல் கோபம். தாத்தா பங்குச் சீனி நின்றுபோய் என் காப்பி கசந்தது. சீனிக்காகத்தான் அப்பா அந்தப் பெயரை விட்டுவைத்திருந்தார் என்று வெகுகாலம் நம்பினேன்.

லீவு போட்ட அன்று மத்தியானம் அப்பா வீட்டுக்குள் வரவில்லை. நேரே கொல்லைக் குழாயடிக்குப் போய், கட்டிய வேட்டியோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். வெயிலுக்குக் குளிக்கிறார் என்று நினைத்து நான் சோப்பு எடுத்துப்போய்க் கொடுத்தேன்.